இட்லி வியாபாரம் எந்த நிலைத் தொழில்? கரும்பாலை வயலோரத்தில், பருத்தி மில் மட்டும் பம்பாயில் ஏன்?

தொண்ணூறடி ரோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், தாராவியில் இருந்து எழுதுகிறேன். என் மகள் பன்னிரண்டாவது ஆர்ட்ஸ், புவியியல் எடுத்திருக்கிறாள். புத்தகத்தில் முதல்நிலைத் தொழில், இரண்டாம் நிலைத் தொழில், மூன்றாம் நிலைத் தொழில் என்று வரிசையாக மூன்று பாடம். விவசாயம், மீன்பிடி, சுரங்கம் முதல் நிலை. ஆலையில் செய்வது இரண்டாம் நிலை. கடை, வண்டி, பாங்க், பள்ளிக்கூடம் எல்லாம் மூன்றாம் நிலை. இதுவரை எனக்கும் புரிகிறது, நான் எட்டாவதோடு நின்றவன்.

எங்களுக்கு இட்லி வியாபாரம். மத்தியானம் அரிசி ஊறப்போட்டு சாயங்காலம் அரைத்து வைப்போம், ராத்திரி இரண்டரைக்கு அடுப்பு பற்றவைத்து அவிப்போம், ஐந்தரைக்கு நான் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஹாரனை அமுக்கிக்கொண்டே சயான், வடாலா என்று சுற்றி ஒன்பதரைக்குள் விற்றுவிட்டு வந்துவிடுவேன். கொஞ்சம் மாவை என் மனைவி பாக்கெட் போட்டு இரண்டு கடைக்குக் கொடுக்கிறாள். போன வாரம் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளை, "அப்பா, நம்ம தொழில் இந்த மூணுல எது?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அரைத்து அவிப்பதைப் பார்த்தால் ஆலை மாதிரி, விற்பதைப் பார்த்தால் கடை மாதிரி. டியூஷனில் கேட்டிருக்கிறாள், அதெல்லாம் பரீட்சைக்கு வராது, புத்தகத்தில் இருப்பதை மனப்பாடம் பண்ணு என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்களாம். முகம் வாடிப்போய் வந்தாள், எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

இன்னொரு கேள்வி, இது என்னுடையது. சர்க்கரை ஆலை கரும்பு விளையும் இடத்திலேயே இருக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. கோலாப்பூர் பக்கம் போனபோது நானும் பார்த்திருக்கிறேன், ஆலை வாசலில் கரும்பு வண்டி ஒரு மைலுக்கு நிற்கும். சரி, அப்படியென்றால் ஒரு செடி பருத்திகூட விளையாத பம்பாயில் அத்தனை துணி மில் எப்படி வந்தது? லால்பாக் பக்கம் சைக்கிளில் போனால் இன்றைக்கும் பழைய புகைபோக்கி நிற்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் படித்துப் புரிந்துகொண்டு அவளுக்குச் சொல்கிறேன்.


மாட்டுங்கா ராஜி எழுதியது:

தம்பி, முப்பத்தொரு வருஷம் இந்தப் பாடத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் நடத்தினேன். பிள்ளையை அப்படி உட்கார வைத்தது தப்பு. அவள் கேட்டதுதான் பாடமே.

உங்கள் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அது பிடிபட்டால் இட்லியும் பிடிபடும். 100 கிலோ கரும்பை அரைத்தால் 10, 11 கிலோ சர்க்கரைதான் கிடைக்கும். மீதியெல்லாம் தண்ணீர், சக்கை, கழிவுப்பாகு. அதோடு, வெட்டிய கரும்பை ஒரு நாளைக்குள் அரைத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் சர்க்கரைச் சத்து மணிக்கு மணி இறங்கும். இப்போது ஆலையைக் கொண்டுவந்து சயானில் வைத்துப் பாருங்கள். கோலாப்பூரில் இருந்து 100 கிலோவுக்கு லாரி வாடகை கொடுத்து ஏற்றிவந்து, அதில் கிட்டத்தட்ட 90 கிலோவை இங்கே கழிக்க வேண்டும், வந்த கரும்பும் வழியிலேயே சத்துப் போனதாக இருக்கும். வயல் பக்கத்திலேயே ஆலை இருந்தால் சர்க்கரை மட்டும் மூட்டையில் பம்பாய்க்கு வரும், சக்கை அங்கேயே கொதிகலனில் எரியும். கரும்பு வெட்ட பீட் மாவட்டத்தில் இருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருஷா வருஷம் அங்கே போகிறார்கள், பார்த்திருப்பீர்கள். ஆளை நகர்த்தலாம், கரும்பை நகர்த்த முடியாது.

ஆல்பிரட் வெபர் என்ற ஜெர்மானியர் 1909-ல் இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினார். செய்முறையில் எடை குறைகிற மூலப்பொருளாக இருந்தால் ஆலை மூலப்பொருள் பக்கம் இழுக்கும், எடை கூடுகிற பொருளாக இருந்தால் சந்தைப் பக்கம் இழுக்கும். அரியலூரில் சிமென்ட் ஆலைகள் குவிந்திருப்பது ஏன்? ஒரு டன் சிமென்ட் கட்டிக்கு ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும், சூளையில் கல்லின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்றோடு போய்விடும். அந்தக் கல்லை எதற்கு ஊர் ஊராகச் சுமக்க வேண்டும்? நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதி ஈரம், அதனால் மின் நிலையத்தைச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள், மின்சாரம் கம்பியில் போகிறது.

இனி உங்கள் இட்லி. ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து போட்டால் மாவு எவ்வளவு வரும்? இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. எடை ஏறிவிட்டது பாருங்கள். ஏறின எடை முழுக்கத் தண்ணீர், அது எந்த ஊர்க் குழாயிலும் வரும். அரிசி மூட்டை எத்தனை நாள் ரயிலில் கிடந்தாலும் கெடாது, மாவு மே மாதத்தில் ஒரு ராத்திரிகூடத் தாங்காது, பொங்கிப் புளித்துவிடும். ஆகவே அரிசி எங்கே விளைந்தாலும் மாவு ஆட்டுவது சாப்பிடுகிறவர் ஊரில்தான். நீங்கள் தாராவியில் இருந்துகொண்டு சயானில் விற்பது வெபர் போட்ட கணக்கு தப்பாமல் நடப்பது. குளிர்பானக் கம்பெனிகளும் இதையேதான் செய்கின்றன, சாறு ஓர் இடத்தில் இருந்து வரும், தண்ணீர் கலந்து பாட்டிலில் அடைப்பது ஊருக்கு ஊர்.

பருத்தியை வேறு யாராவது எழுதுங்கள், எனக்குக் கண் வலிக்கிறது. ஒரே ஒரு குறிப்பு மட்டும்: பஞ்சில் இருந்து நூல் நூற்றால் எடை அதிகம் குறையாது.


கோவண்டி குமார் எழுதியது:

அண்ணாச்சி, எந்த நிலை என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்கிறேன், எனக்குக் கணக்கெடுப்பு வேலை. அரசாங்கப் பட்டியலில் சமைத்த சாப்பாட்டை அப்போதைக்கே சாப்பிடக் கொடுப்பது சேவை, அது பெரிய ஹோட்டலாக இருந்தாலும் தள்ளுவண்டியாக இருந்தாலும் ஒன்றுதான். மாவைப் பாக்கெட் போட்டுக் கடைக்குக் கொடுப்பது உணவுப்பொருள் உற்பத்தி, அது இரண்டாம் நிலை. ஆக உங்கள் சைக்கிள் மூன்றாம் நிலை, வீட்டம்மா கொடுக்கும் பாக்கெட் இரண்டாம் நிலை. ஒரே கிரைண்டர்தான். ஒரே இடத்தில் இரண்டும் நடந்தால் எதில் மதிப்பு அதிகம் வருகிறதோ அதன் கீழ் எழுதுவோம்.

கட்டடம் கட்டுவதும் மின்சாரம், தண்ணீர் வழங்குவதும் இரண்டாம் நிலை, பலர் இதைச் சேவை என்று எழுதி மார்க்கை விடுகிறார்கள், மகளிடம் சொல்லுங்கள். அப்புறம் ஒரு விஷயம், ஒரு ஆலையில் வாட்ச்மேனும் கேன்டீன்காரரும் கம்பெனி ஆளாக இருந்தால் அவர்களும் ஆலைக் கணக்கில் வருவார்கள். அதே ஆட்களைக் காண்டிராக்டில் விட்டால் மறுநாள் முதல் சேவைக் கணக்கு. செய்கிற வேலை மாறவில்லை, சம்பளம் பெரும்பாலும் குறைந்திருக்கும். சேவைத்துறை வளர்கிறது என்று எண்ணைக் காட்டும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.


லால்பாக் சால் எழுதியது:

பருத்தியை நான் எடுத்துக்கொள்கிறேன். அப்பா பரேலில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தார், நான் பிறந்தது அதே தெருச் சாலில், வரிசையாக ஒற்றை அறைகள் இருக்கும் தொழிலாளர் குடியிருப்பில். போங்கா என்று மில் சங்கைச் சொல்வோம், காலை ஷிப்டுக்கு அது ஊதினால் சாலில் உள்ள எல்லாப் பொதுக் குழாயிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அப்பா சட்டையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும், காது மடலின் பின்னால்கூட இருக்கும், அம்மா எடுத்துவிடுவாள்.

ராஜி டீச்சர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். செடியில் இருந்து பறிக்கும் பருத்தியில் மூன்றில் இரண்டு பங்கு கொட்டைதான். அந்தக் கொட்டையைப் பிரிப்பது ஜின்னிங், அந்த மில்கள் இன்றைக்கும் அகோலா, யவத்மால் என்று காட்டோரத்தில்தான் இருக்கின்றன. கரும்புக்குச் சொன்ன நியாயம் பருத்திக்கும் உண்டு, அது ஜின்னிங்கோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதன்பின் பஞ்சை அழுத்திக் கட்டினால் 170 கிலோ பேல், கெடாது, ஒழுகாது, ரயிலில் ஏற்றினால் கப்பல் வரைக்கும் போகும். எடை குறையப் போவதில்லை என்றால் நூற்பாலை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மற்ற வசதி எங்கே இருக்கிறதோ அங்கே போகும்.

அந்த மற்ற வசதியெல்லாம் அன்றைக்குப் பம்பாயில் இருந்தது. துறைமுகம் இருந்தது, இங்கிலாந்தின் லங்காஷயரில் செய்த மெஷின் கப்பலில் வந்து இறங்கும், நிலக்கரியும் கடல் வழியாக வரும். பருத்தியையும் அபினையும் சீனாவுக்கு ஏற்றுமதி செய்து பணம் சேர்த்த வியாபாரிகள் இருந்தார்கள். காவஸ்ஜி தாவர் என்ற வியாபாரி 1854-ல் தொடங்கிய முதல் மில் 1856-ல் ஓட ஆரம்பித்தது. 1853-ல் போரிபந்தரில் இருந்து தானே வரைக்கும் 34 கிலோமீட்டர் ஓடிய ரயில் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மலை ஏறித் தக்காணத்துக் கரிசல் காட்டைத் தொட்டுவிட்டது. நடுவில் 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர், அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு போவது நின்றது, பம்பாய்ப் பஞ்சு விலை எகிறியது. அந்தப் பணத்தில் பாதி ஷேர் மார்க்கெட்டில் கரைந்தாலும் மீதி ஊரில் தங்கியது. ரத்தினகிரி, சத்தாராவில் இருந்து கூலிக்கு ஆட்கள் வந்தார்கள். கடல் காற்றின் ஈரத்துக்கு இழை அறாது, காற்று காய்ந்திருந்தால் நூல் பட்டு பட்டென்று போகும். சிவகாசியில் காய்ந்த காற்று வேண்டுமென்றுதான் தீப்பெட்டியும் பட்டாசும் போய் உட்கார்ந்தன, இங்கே அதற்கு நேர் எதிரானது தேவைப்பட்டது.

நூலுக்குச் சீனாவே பெரிய சந்தை, பின்னால் அதை ஜப்பான் பிடித்துக்கொண்டது. 1915-ல் கோபோலியில் நீர்மின் நிலையம் வந்து லோனாவலா மலைத் தண்ணீரில் இருந்து மில்லுக்குக் கரண்ட் கிடைத்தது, நிலக்கரிக் கவலை குறைந்தது. நம் கோயம்புத்தூருக்கு 1930களில் பைகாரா நீர்மின் நிலையம் செய்ததை இங்கே அதற்கு முன்பே கோபோலி செய்தது.

நான் மகளிடம் அவசியம் சொல்லச் சொல்வது இதற்கப்புறம் நடந்ததைத்தான். ஒவ்வொரு காரணமாகக் கழன்றது. கரண்ட் எல்லா ஊருக்கும் போயிற்று. ஈரக் காற்றை மெஷினே கொடுத்தது. பிவண்டியிலும் இச்சல்கரஞ்சியிலும் மாலேகாவிலும் விசைத்தறி வந்து நம் மில்லைவிடக் குறைந்த கூலியில் நெய்தது. நடுப் பம்பாயில் நிலத்தின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது, அந்த நிலத்தில் நூல் நூற்பதைவிட நிலத்தை விற்பது லாபம் என்று ஆனது. 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தம், சுமார் இரண்டரை லட்சம் பேர். அது முடிந்தது என்று யாரும் அறிவிக்கவே இல்லை. அப்பா ஒன்றரை வருஷம் தினமும் கேட் வரைக்கும் போய்விட்டு வருவார். அப்புறம் ஒருநாள் போகவில்லை. டோம்பிவிலியில் ஒரு சின்னப் பட்டறையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். மில்லிடம் வர வேண்டிய பாக்கி கைக்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்றைக்கு அந்த ஏரியாவில் ஃபீனிக்ஸ் மில் இருந்த இடம் மால், மற்ற மில் நிலங்களில் ஆபீஸ், டவர். புத்தகத்தில் இரண்டாம் நிலையில் இருந்து மூன்றாம் நிலைக்கு மாறும் நகரம் என்று ஒரே வரியில் இருக்கும். அந்த மாலில் வேலை பார்ப்பது மில்லில் வேலை பார்த்தவர் இல்லை. நாற்பத்தைந்து வயது ஃபிட்டரை எந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கும்? நகரம் மாறியது, ஆட்கள் மாறவில்லை, தூக்கித்தான் போடப்பட்டார்கள். இதை யாராவது பரீட்சையில் கேட்க வேண்டும்.


தொண்ணூறடி ரோடு எழுதியது:

அண்ணே, உங்கள் அப்பா விஷயம் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

டீச்சர், இன்னொன்று கேட்கச் சொல்கிறாள். ஆலை எங்கே வரும் என்பதற்குக் கணக்கு இருக்கிற மாதிரி எந்தப் பயிர் எங்கே விளையும் என்பதற்கும் இருக்கிறதா, அல்லது மண்ணும் மழையும் மட்டும்தானா? குர்லா தாண்டினால் தண்டவாளத்தை ஒட்டிப் பச்சைப் பசேலென்று கீரைப் பாத்தி தெரியும், லோக்கலில் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். இவ்வளவு பெரிய ஊரில் தண்டவாளத்தோரம் எதற்குக் கீரை என்கிறாள்.


மாட்டுங்கா ராஜி எழுதியது:

இருக்கிறது தம்பி, அது வெபரைவிடப் பழைய கணக்கு. வான் தூனன் என்று வடக்கு ஜெர்மனியில் ஒரு பண்ணையார், சொந்தப் பண்ணையின் வரவுசெலவை வருஷக்கணக்கில் எழுதிவைத்து 1826-ல் புத்தகமாகப் போட்டார். நடுவில் ஒரே ஒரு நகரம், சுற்றிலும் ஒரே மாதிரி மண், ஒரே மாதிரி மழை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்போதும் எல்லா இடத்திலும் ஒரே பயிர் விளையாது. நகரத்தை ஒட்டினாற்போல் பாலும் காய்கறியும், ஏனென்றால் அவை கெடும். அடுத்த வளையத்தில் விறகுக் காடு, அது கனம். அதற்கப்பால் தானியம். கடைசி வளையத்தில் மாடு வளர்ப்பு, மாடு தானே நடந்து சந்தைக்கு வந்துவிடும். நகரத்துக்குப் பக்கத்து நிலத்துக்கு வாடகை அதிகம், அந்த வாடகையைக் கொடுத்தும் கட்டுப்படியாகிற பயிர் மட்டுமே அங்கே நிற்கும்.

உங்கள் தண்டவாளக் கீரை அந்த முதல் வளையத்தின் மிச்சம். கீரை காலையில் பறித்தால் மத்தியானம் வாடிவிடும், அதை நாசிக்கில் இருந்து கொண்டுவருவதைவிடக் குர்லாவில் பறித்துக் குர்லாவில் விற்பது சுலபம். நகரத்துக்குள் கட்டடம் கட்ட முடியாமல் கிடக்கிற நிலம் தண்டவாளத்தோரம்தான். சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்ற புகார் பல வருஷமாக உண்டு, நான் வாங்குவதில்லை, ஆனால் அது ஏன் அங்கே விளைகிறது என்பதற்குத் தூனன் பதில் வைத்திருக்கிறார்.

பாலைப் பாருங்கள். ஒரு காலத்தில் பம்பாய்க்குள்ளேயே தபேலாக்கள், அதாவது மாட்டுக் கொட்டில்கள், தெருவுக்குத் தெரு எருமை. 1949-ல் கோரேகாவ் பக்கத்து ஆரேயில் பால் காலனி அமைத்து எருமைகளை அங்கே கொண்டுபோனார்கள். அதற்குக் கொஞ்சம் முன்பே குஜராத்தின் ஆனந்தில் இருந்து பாலைக் காய்ச்சிக் குளிரவைத்து ரயிலில் பம்பாய்க்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். குளிரூட்டல் வந்ததும் பால் வளையம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. விறகு வளையத்தைச் சிலிண்டர் அழித்தது.


வாஷி மார்க்கெட் எழுதியது:

டீச்சரம்மா சொன்ன வளையத்தை ராத்திரி ஒரு மணிக்கு வாஷிக்கு வந்தால் கண்ணால் பார்க்கலாம். நான் வெங்காய மண்டியில் இருபத்திரண்டு வருஷம். மண்டியெல்லாம் முன்னே பம்பாய்க்குள் இருந்தது, 1980களில் இருந்து இங்கே. லாரி நுழைய இடம் வேண்டுமே.

கீரை, கொத்தமல்லி எல்லாம் பக்கத்து ஊர் வண்டி, கட்டு அவிழ்ப்பதற்குள் விற்றாக வேண்டும், விடிந்துவிட்டால் பாதி விலை. தக்காளி நாராயண்காவ் பக்கம் இருந்து, அது நாலைந்து மணி நேர லாரிப் பயணத்தைத் தாங்கும், வந்த பிறகும் ஒருநாள் இரண்டுநாள் வைக்கலாம். என் வெங்காயம் நாசிக் மாவட்டத்து லாசல்காவ் பக்கம். ஏப்ரலில் பிடுங்கும் ரபி வெங்காயத்தை விவசாயி காந்தா சாளில் போட்டு வைப்பார், தரையில் இருந்து தூக்கிக் கட்டிய பரண் மாதிரி, பக்கமெல்லாம் இடைவெளி, காற்று ஓட வேண்டும். அக்டோபர் வரைக்கும் கிடக்கும். அதனால் அது தூரத்தில் விளையலாம், விலை பார்த்து வரலாம். மழை சாய்ந்து அடித்துச் சாளுக்குள் ஈரம் ஏறிவிட்டால் ஒரே வாரத்தில் முளை விட்டு அழுகும், அப்போதுதான் நீங்கள் டிவியில் வெங்காய விலை பார்ப்பது. மூட்டையைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே மேல் சாக்கைத் தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும், ஈரச் சாக்கு சூடாக இருக்கும்.

ஒரு திருத்தம். தூரம் என்று கிலோமீட்டரைச் சொல்லாதீர்கள். காட் ரோட்டில், அதாவது மலைப்பாதையில், ஒரு லாரி கவிழ்ந்தால் நாசிக் அன்றைக்கு டெல்லியைவிடத் தூரம்.


ஏரோலி ஐடி எழுதியது:

நல்ல திரி. ஆனால் இதெல்லாம் சரக்குக்குத்தானே பொருந்தும்? நான் நவி மும்பை ஏரோலியில் உட்கார்ந்து லண்டன் பாங்குக்கு வேலை செய்கிறேன். என் ஆபீஸ் இருக்கும் தானே பேலாப்பூர் ரோடு முன்பு கெமிக்கல் ஆலைகள் இருந்த பட்டை. எங்களுக்கு எடையும் இல்லை, அழுகலும் இல்லை. சேவைக்கு இடம் முக்கியமே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.


கோவண்டி குமார் எழுதியது:

தம்பி, இடம் முக்கியம் இல்லை என்றால் உன் கம்பெனி ஏன் வாடகை குறைந்த யவத்மாலில் இல்லை? உன்னைப் போல ஆயிரம் பேர் ஏரோலிக்கு ஒரு மணி நேரத்தில் வந்து சேர முடிகிற இடத்தில் இருக்கிறார்கள், அதனால்தான். வைரத்தைப் பார். அதைவிட எடையில்லாத சரக்கு உண்டா, சட்டைப் பையில் கோடி ரூபாய் போகும். கல் வெளிநாட்டில் இருந்து வருகிறது, பட்டை தீட்டுவது சூரத்தில், ஏனென்றால் கை பழகினவர்கள் அங்கே இருக்கிறார்கள். 2010-ல் பிகேசியில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ்) வைரச் சந்தை திறந்தபோது பழைய சந்தை இருந்த ஓபரா ஹவுஸ் பகுதி வியாபாரிகள் கூட்டமாகவே நகர்ந்தார்கள். கல்லைக் கையில் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும், கடன் சொன்னால் நம்ப வேண்டும். பக்கத்துக் கடைக்காரன் யார் என்று தெரியாமல் அது நடக்காது. எடை போன பிறகும் ஆட்கள் பக்கம் பக்கமாக இருக்க வேண்டியிருக்கிறது.

சேவைக்கென்று கிறிஸ்டலர் என்பவர் 1933-ல் தனியாகவே ஒரு கணக்குச் சொன்னார். ஒரு சேவை நிலைக்கக் குறைந்தது எத்தனை வாடிக்கையாளர் வேண்டும், அதற்காக ஒருவர் எவ்வளவு தூரம் வருவார் என்று இரண்டையும் பார்க்க வேண்டும். இட்லிக்கு யாரும் ரயில் ஏறி வர மாட்டார்கள், அண்ணாச்சிதான் தெருவுக்குப் போக வேண்டும். நகைக்கு மாட்டுங்கா வரைக்கும் வருவார்கள். பரேலில் 1941-ல் இருந்து இருக்கும் டாடா புற்றுநோய் மருத்துவமனைக்குப் பீகாரில் இருந்தும் அசாமில் இருந்தும் வருகிறார்கள், வாசல் நடைபாதையில் படுத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். விவசாயத்தில் இருந்து ஆலைக்கு, ஆலையில் இருந்து சேவைக்கு என்று படி ஏறுவது மாதிரி பாடத்தில் வரும். நம் நாட்டில் 2023-24 கணக்கெடுப்பில்கூட வேலை செய்கிறவர்களில் சுமார் 46 சதவீதம் பேர் விவசாயத்தில். நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கு அதில் பாதிகூட இல்லை, 18 சதவீதம் பக்கம். சேவைதான் வருமானத்தில் பாதிக்கு மேல். ஆலையில் வேலை செய்வது பத்துப் பேருக்கு ஒருவருக்குச் சற்று மேல். நடுப்படியில் கால் வைக்க இடமே போதவில்லை. ஊரில் வயல் கட்டுப்படியாகாமல் பம்பாய்க்கு வருகிறவனுக்கு மில் இல்லை, கட்டட வேலையும் டெலிவரி பையும்தான் இருக்கிறது.


தொண்ணூறடி ரோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ராத்திரி அடுப்பு எரியும்போது இதைத்தான் வாசிக்கிறோம்.

மகள் எங்கள் தாராவித் தோலைப் பற்றியும் கேட்டாள், அது எனக்கே தெரியும், எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்து சேர்ந்ததே தோல் பதனிடும் வேலைக்குத்தான். ஆடு மாடு அறுக்கும் இடம் அப்போது பாந்த்ராவில், பச்சைத் தோல் கனம், சீக்கிரம் நாறும், அதனால் பக்கத்திலேயே ஓடைத் தண்ணீர் இருக்கும் தாராவியில் பதனிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அறுப்புக்கூடம் தேவ்னாருக்குப் போய்விட்டது. பதனிடுவதும் நாளாக ஆகக் கிட்டத்தட்ட நின்றுபோயிற்று. ஆனால் பையும் பெல்ட்டும் தைக்கிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், பதனிட்ட தோல் சென்னையில் இருந்தும் கான்பூரில் இருந்தும் சுருட்டாக வந்து இறங்குகிறது. தோல் வந்த காரணம் போயும் தொழில் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "தைக்கிற கை இங்க இருக்குல்லப்பா, வைரத்துக்குச் சொன்னாங்களே" என்றாள்.

புராஜெக்டுக்கு இட்லியையே எடுத்துக்கொள்கிறாளாம், முதல் பக்கத்தில் அரிசி மூட்டை, கிரைண்டர், சைக்கிள் என்று மூன்று படம் வரைந்திருக்கிறாள். டீச்சர் சொன்ன எடையை நம்பாமல் நேற்று சாயங்காலம் பக்கத்துக் கடையில் தராசு இரவல் வாங்கிவந்து அவளே நிறுத்தாள். அரிசி 1 கிலோ, உளுந்து கால் கிலோ. அரைத்து முடித்து, ஏனத்தின் எடையைக் கழித்து, மாவு 2 கிலோ 900 கிராம்.